ஏசி ஓடுகிறது, காற்று மட்டும் குளிரவில்லை: கேஸ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது. வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடி, மேலே மொட்டை மாடி. மேற்குப் பக்கப் படுக்கையறையில் நான்கு வருஷமான ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர் 32 கேஸ். விடியற்காலையில் ஓரளவு குளிர்கிறது. மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை வெறும் ஃபேன் காற்றுதான். மெக்கானிக் வந்து தண்ணீர் அடித்து சர்வீஸ் செய்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு, போடணும்" என்கிறார். போன கோடையிலும் கேஸ் போட்டதுதான். மறுபடி போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். கேஸ் உண்மையிலேயே குறைவு என்று அளந்து காட்டி, எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து, அதை அடைத்துவிட்டுப் போட்டால் அது ரிப்பேர். அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டி, வால்வைத் திறந்து, இரண்டு நிமிஷத்தில் ஏற்றிவிட்டுப் போனால் அடுத்த சித்திரையில் இதே கேள்வியோடு நிற்பீர்கள்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. ஃபேக்டரியில் ஏற்றிய அதே கேஸ் செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். ஏசியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் நாள் வரை அப்படியே இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. போன கோடையில் போட்டது இந்தக் கோடைக்குள் போய்விட்டது என்றால், அந்த ஓட்டையை அப்போது யாரும் தேடவில்லை. இன்னொரு சாத்தியமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை: போன வருஷம் கேஸ் குறையாமலே இருந்து, அளவுக்கு மேல் ஏற்றியிருக்கலாம். கேஸ் கூடிப்போனாலும் நீங்கள் சொல்லும் இதே தொந்தரவு வரும். வெயில் இறங்கியபின் ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் எகிறி, மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அந்த நிலையில் மேலும் 200 கிராம் ஏற்றினால் கம்ப்ரசருக்கே ஆபத்து.

நீங்கள் எழுதியதில் முக்கியமான தடயம் அந்த நேரக் கணக்குதான். மதியம் இரண்டு முதல் இரவு பதினொன்று வரை வேலூரில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கெடும். வெளிக்காற்று பிற்பகலில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடித் தளமும் மேற்குச் சுவரும் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு வரை அறைக்குள் விடும். தெரு முழுக்க ஏசி ஓடுவதால் வோல்டேஜ் இறங்கும். கேஸ் குறைவு கடிகாரம் பார்த்து வருவதில்லை. ஆனால் விடியற்காலையில் அறையில் சூடு கம்மி என்பதால், கேஸ் குறைந்த ஏசியும் அப்போது குளிர்வதுபோல் ஏமாற்றும். எனவே ஊகத்தில் முடிவு செய்ய முடியாது, அளக்க வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் ரிமோட். சிரிப்பாகத் தோன்றினாலும் இதைத் தள்ளிவிடாதீர்கள். பனிப்படிகப் படம் இருக்கிற கூல் மோடில்தான் இருக்கிறதா, ஃபேன் மோடுக்கோ டிரை மோடுக்கோ குழந்தைகள் மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரையுள்ள ஏசிகளெல்லாம் ஆரம்பத்தில் 24 டிகிரியில்தான் நிற்கும்படி விதி வந்துவிட்டது; கரண்ட் போய் வந்தபின் அங்கேயே திரும்பி நிற்கிற மாடல்களும் உண்டு. இன்வெர்ட்டர் ஏசியில் இதைவிட முக்கியமானது "கன்வெர்டிபிள்" என்கிற பட்டன். 40 சதவீதம், 60 சதவீதம், 80 சதவீதம் என்று கம்ப்ரசரின் திறனைக் கட்டிப்போடும் வசதி அது. மார்கழியில் கரண்ட் மிச்சம் பிடிக்க 40 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்திருந்தால், மே மாதத்தில் அந்த ஒன்றரை டன் மெஷின் அரை டன் சொச்சத்துக்கான வேலையைத்தான் செய்யும். ஈகோ மோடும் அப்படியே. அவற்றை நீக்கி முழுத் திறனுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது உள்பெட்டியின் ஃபில்டர். முன்மூடியைத் தூக்கினால் வலை போல இரண்டு சட்டங்கள் வரும். வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்துப் போடுங்கள். வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்துப் புழுதிக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்றின் வேகமே குறைவாக இருந்தால் உள்ளே உருளை வடிவில் சுற்றும் ப்ளோயரைப் பாருங்கள். அதன் ஒவ்வொரு இதழிலும் தூசி அப்பிக்கொண்டு, காற்றைத் தள்ள முடியாமல் வெறுமனே சுற்றும். மேலோட்டமான தண்ணீர் சர்வீஸில் பெரும்பாலும் விட்டுப்போகிற இடம் அதுதான்.

இனி தெர்மாமீட்டர். சின்னத் திரையும் ஒயரில் கட்டிய சென்சாரும் கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கதவு, ஜன்னலைச் சாத்தி, 18 டிகிரி, ஃபேன் ஹை வைத்து இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். உள்பெட்டியின் மேல்பக்கத்தில், காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு அளவு. கீழே காற்று வெளிவரும் வாயில் ஒரு அளவு. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். வித்தியாசம் 10 முதல் 14 டிகிரி இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது, குறை அறையில் இருக்கிறது. ஆறு, ஏழு என்று வந்தால் மெஷினில் குறை. ஒன்று அல்லது இரண்டுதான் என்றால் கம்ப்ரசர் ஓடாமலே இருக்கலாம். வேலூர்க் கோடைக் காற்று சென்னைக் காற்றைவிட வறண்டது. ஈரத்தைப் பிரித்தெடுக்கச் செலவாகும் குளிர்ச்சி இங்கே குறைவு, அதனால் இந்த வித்தியாசம் இங்கே நன்றாகவே தெரிய வேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் அளந்தால் ஓரிரண்டு டிகிரி குறைவாக வருவது சகஜம்.

இதையே காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எடுத்து எழுதிவையுங்கள். இரண்டு நேரமும் 5, 6 டிகிரி என்றால் கேஸ், கம்ப்ரசர் பக்கம் போக வேண்டும். காலையில் 12, மாலையில் 4 என்றால் வெளிப்பெட்டியின் சூடோ வோல்டேஜோ சந்தேகத்துக்குரியவை; போன வருஷம் கூடுதலாக ஏற்றிய கேஸும் இதே கணக்கில் வரும். இரண்டு நேரமும் 12, ஆனாலும் அறை புழுங்குகிறது என்றால் ஏசியைத் தொடவே வேண்டாம், கூரையைப் பாருங்கள்.

வெளிப்பெட்டிக்கு வருவோம். உங்கள் அறையில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுவதுதான் ஏசியின் வேலை. கொட்டுகிற இடமே கொதித்துக்கொண்டிருந்தால் சூடு எங்கே போகும்? பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஒன்றரை டன் என்ற கணக்கு, வெளியே 35 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி என்று வைத்துச் சோதித்தது. மே மாதம் வேலூரில் நிழலிலேயே 41, 42 அடிக்கிறது. மேற்குச் சுவரில், நேர் வெயிலில், பக்கத்து வீட்டுச் சுவருக்கும் உங்கள் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்தில் மாட்டியிருந்தால், அந்தப் பெட்டி தான் விட்ட அனலையே திரும்ப உறிஞ்சும். அப்போது அது சுவாசிக்கிற காற்று 50 டிகிரியைத் தாண்டும். இன்வெர்ட்டர் மெஷின் உடனே நின்றுவிடாது. அழுத்தமும் சூடும் எல்லை மீறாதபடி கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். பார்ப்பவருக்கு ஏசி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை.

இதைச் சோதிக்க, அதே தெர்மாமீட்டரின் சென்சாரை வெளிப்பெட்டியின் பின்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில், மாலை மூன்று மணிக்குத் தொங்கவிடுங்கள். மாடி நிழலில் 41 இருக்கும்போது அங்கே 42, 43 காட்டினால் பிரச்சினை இல்லை. 48 காட்டினால் நோய் கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பால்கனியிலிருந்தோ மாடித் திண்டிலிருந்தோ கை எட்டினால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஜன்னல் சன்ஷேடில் இறங்கி நிற்பது, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குனிவது வேண்டவே வேண்டாம். இரண்டாவது மாடியில் ஆங்கிளில் தொங்கும் பெட்டியிடம் போக இடுப்பு பெல்ட்டும் கயிறும் வேண்டும். மெக்கானிக்கும் அவற்றைக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெட்டிக்குப் பின்னால் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி குறையக் கூடாது, முன்னால் இரண்டடிக்கு மேல் வெற்றிடம் வேண்டும். வெயிலுக்குத் தகரம் போடுவதானால் பெட்டிக்கு மேலே இரண்டடி உயர்த்தி, பக்கங்களை மூடாமல் போடுங்கள். ஈரச் சாக்கை மேலே போர்த்துவது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. சாக்கு காற்றை அடைப்பதால் கெடுதல்தான் அதிகம். அதேபோல் போர் தண்ணீரைத் தினமும் பீய்ச்சி அடிப்பதும். தண்ணீர் பட்டதும் குளிர்ச்சி கூடுவது உண்மை. ஆனால் நம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினம். கொதிக்கும் தகட்டில் பட்டு ஆவியாகிப் போகும்போது பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை உப்பை விட்டுச் செல்லும். ஒரு கோடை முழுக்க அடித்தால் அலுமினியத் தகடுகளின் நடுவே சுண்ணாம்பு மாதிரி இறுகி, அடுத்த வருஷம் நிரந்தரமாகச் சூடு இறங்காது. கழுவத்தான் வேண்டும், ஆனால் கோடைக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை போதும். பவரை அணைத்துவிட்டு, சாதாரணக் குழாய் அழுத்தத்தில், முடிந்தவரை ஃபேன் இருக்கிற உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். ஜெட் பம்பை நேராக வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி வழியை அடைத்துக்கொள்ளும். முன்பக்கம் மட்டும் பளபளவென்று இருந்து, சுவரைப் பார்த்த பின்பக்கத்தில் புழுதியும் புறா இறகும் மெத்தை போட்டிருந்தால் அது சர்வீஸ் ஆகாது. உங்களுக்குச் செய்த தண்ணீர் சர்வீஸில் பின்பக்கம் கழுவப்பட்டதா என்று கேளுங்கள்.

வெளி ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் கவனியுங்கள். கம்ப்ரசர் உறுமுகிறது, ஃபேன் நிற்கிறது என்றால் ஐந்து பத்து நிமிஷம் குளிர்ந்து, பிறகு சூடேறி நின்றுவிடும். ஆறியபின் மறுபடி ஓடும். இந்த விட்டுவிட்டுக் குளிரும் குணத்தைப் பார்த்து கேஸ் பிரச்சினை என்று தவறாக முடிவு செய்வது அடிக்கடி நடக்கிறது.

வோல்டேஜுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். அதன் பொருள், மாடலைப் பொறுத்து 150, 160 வோல்ட் முதல் 280, 290 வரை அது தாங்கும் என்பதுதான். தாங்குவதற்கும் முழுத் திறனில் ஓடுவதற்கும் தூரம் உண்டு. வோல்டேஜ் இறங்க இறங்கக் கரண்ட் கூடும், போர்டு அதைக் கட்டுப்படுத்தக் கம்ப்ரசர் வேகத்தைக் குறைக்கும். ஸ்டெபிலைசரில் எண் காட்டினால் அதைப் பார்க்கலாம். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். காலை ஆறு, மாலை நான்கு, இரவு ஒன்பது. ஏசி ஓடாதபோது ஒன்று, முழு வேகத்தில் ஓடும்போது ஒன்று. ஓடத் தொடங்கியதும் ஏசி பாயிண்டில் மட்டும் 10 வோல்ட்டுக்கு மேல் இறங்கி, மீட்டர் போர்டில் இறங்காமல் இருந்தால் வீட்டு ஒயரிங்கில் குறை. ஒயர் மெலிதாக இருக்கும், அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கும். ஒன்றரை டன்னுக்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, 20 ஆம்பியர் எம்சிபி வைப்பது நிம்மதி. 16 ஆம்பியர் பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறியிருக்கிறது என்றால் ஏசி குளிர்வதைவிட அதுதான் அவசரம், இன்றே மாற்றுங்கள். மீட்டரிலேயே வோல்டேஜ் இறங்குகிறது, பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் என்றால் டிரான்ஸ்ஃபார்மரில் பாரம் கூடிவிட்டது. நேரத்தோடும் அளவோடும் எழுதி மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதியுங்கள். "வோல்டேஜ் வரல" என்பதைவிட "இரவு ஒன்பதுக்கு 172 வோல்ட்" என்று சொல்லும் புகாருக்குப் பலம் அதிகம்.

இப்போது கேஸ் விஷயம். இதில்தான் பணமும் போகிறது, மெஷினும் கெடுகிறது.

சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும் அடுப்புச் சுடர் ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடைதான் போட வேண்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததில்லை. ஏசியிலும் அப்படியே. நிறுத்திவைத்த ஏசியில் கேஜை மாட்டினால், ஆர் 32 கேஸ் 35 டிகிரியில் 300 பிஎஸ்ஐ அளவுக்குக் காட்டும். பாதி கேஸ் போயிருந்தாலும் கிட்டத்தட்ட அதையே காட்டும். எனவே நின்ற மெஷினின் அழுத்தத்தை வைத்துக் கேஸ் குறைவு என்றோ சரி என்றோ சொல்வதில் பொருளில்லை.

ஓடும்போது பார்க்கும் அழுத்தத்துக்குப் பொருள் உண்டு, ஆனால் இன்வெர்ட்டரில் அதற்கும் நிபந்தனை இருக்கிறது. கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றினால் உறிஞ்சும் பக்க அழுத்தம் ஏறிக் காட்டும், வேகமாகச் சுற்றினால் இறங்கிக் காட்டும். முழு வேகத்தில் பதினைந்து நிமிஷம் ஓடிய பிறகு ஆர் 32-க்கும் ஆர் 410ஏ-க்கும் நம் கோடையில் 120 முதல் 150 பிஎஸ்ஐ வரை வருவது வழக்கம். பழைய ஆர் 22 மெஷினில் 60, 70. ஆர் 22 கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஆர் 32 மெஷினைப் பார்ப்பதும் தவறு, ஃபில்டர் அடைத்த ஏசியில் அழுத்தம் இறங்கியிருப்பதைப் பார்த்து கேஸ் குறைவு என்பதும் தவறு. காற்று ஓட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் கேஜ்.

கேஜ் இல்லாமலே உங்களுக்கு ஒரு அடையாளம் கிடைக்கும். உள்பெட்டியிலிருந்து வெளிப்பெட்டிக்கு ஒரு மெல்லிய குழாய், ஒரு தடித்த குழாய் போகின்றன. இங்கே விற்கும் ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலும் கேஸ் விரிவடைகிற இடம் வெளிப்பெட்டியிலேயே இருப்பதால், நன்றாக ஓடும் மெஷினில் இரண்டு குழாய்களும் ஜில்லென்று வியர்த்திருக்கும். மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளையாகப் பனி பிடித்து, தடித்த குழாய் உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைவு என்பதற்கு அது நல்ல சாட்சி. உள்ளே கூலிங் காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனிக்கட்டி கட்டியிருந்தாலும் அதே பொருள். காயில் முழுக்க ஒரே சீராகப் பனி மூடியிருந்தால் முதல் சந்தேகம் காற்று அடைப்பு, அதாவது ஃபில்டரும் ப்ளோயரும். பனி பிடித்திருந்தால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுரண்டாதீர்கள். கூல் மோடை நிறுத்தி, ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் விட்டால் தானாகக் கரையும்.

கசிவு எங்கே? பெரும்பாலும் பித்தளை நட்டுகளில்தான் கிடைக்கும். குழாயின் முனையைப் புனல் மாதிரி விரித்து நட்டு போட்டு இறுக்குவார்கள். இதைத்தான் ஃப்ளேர் என்பது. உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. விரித்த வாய் கோணலாக இருந்தாலோ, கீறல் இருந்தாலோ, ஒரே ஸ்பேனரில் முறுக்கிக் குழாயே திருகிக்கொண்டாலோ முதல் வருஷமே மெல்லக் கசியும். ஸ்பேனர் இரண்டு வேண்டும், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது. பலம் போட்டு அதிகமாக இறுக்கினால் பித்தளை நட்டு விரிசல் விடும். கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் இருக்கும், ஏனென்றால் கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வருகிறது. டார்ச் அடித்து அந்தக் கறுத்த பிசுக்கைத் தேடுவது நீங்களே செய்யக்கூடியது. சோப்பு நுரையைத் தடவினால் குமிழி வரும். மெல்லிய கசிவுக்குப் பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சர்வீஸ் வால்வின் நடுவே இருக்கும் ஊசியையும் விட்டுவிடாதீர்கள். போன வருஷம் கேஸ் ஏற்றியது அந்த வழியாகத்தான். மூடியைச் சரியாக இறுக்காமல் போயிருந்தால் கசிவு அங்கேயே இருக்கலாம்.

காயிலிலேயே ஓட்டை விழுந்தால் கதை கொஞ்சம் கடினம். செம்பு கந்தக வாயுவுக்கு ஆகாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் பதனிடும் இடங்களுக்கு அருகிலும், திறந்த சாக்கடை, செப்டிக் டேங்க் ஓரங்களிலும் அழுகிய முட்டை வாடை வருகிறதல்லவா, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்து அரித்துவிடும். அங்கே வெளிப்பெட்டியை அந்த வாடை அடிக்காத பக்கம் மாட்டுவதும், பூச்சு போட்ட காயில் கேட்டு வாங்குவதும் பயன் தரும். சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டுக்குச் சாக்கடை அருகில் இல்லையென்றால் இது முதல் சந்தேகமாக இருக்க வேண்டியதில்லை. ஆசிட் கலந்த காயில் கிளீனர் இன்னொரு எதிரி. நுரை பொங்கி அழுக்கு கழன்று வருவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் அது அலுமினியத்தையும் சேர்த்துத் தின்கிறது.

கசிவைக் கண்டுபிடித்த பின் வேலை இப்படி நடக்க வேண்டும். மிச்சமிருக்கும் கேஸை மீட்பு மெஷின் வைத்துச் சிலிண்டருக்கு எடுக்க வேண்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது. ஆர் 32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தங்கும். உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் தீச்சுடர் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. தீயில் பட்டால் நச்சுப்புகையும் வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பூஜை விளக்கு, கொசுவர்த்தி அணைந்திருக்கட்டும். நட்டுக் கசிவானால் புதிதாக ஃப்ளேர் அடித்து இறுக்க வேண்டும். பிறகு உலர் நைட்ரஜனை 300 முதல் 400 பிஎஸ்ஐ வரை ஏற்றி, பெட்டியில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டாமல், குறைந்தது அரை மணி நேரம் நிறுத்திவைத்து முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் வெல்டிங் கடை ஆக்சிஜனையோ காற்றடிக்கும் கம்ப்ரசரையோ யாராவது கொண்டுவந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

அழுத்தம் இறங்காமல் நின்றால் நைட்ரஜனை வெளியே விட்டுவிட்டு, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப். இருபது முப்பது நிமிஷம், வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரில் 500-க்குக் கீழே. பம்பை நிறுத்தியபின் அது ஏறாமல் நிற்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, கொஞ்சம் கேஸை விட்டு உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டேன் என்பது போதாது. உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, ஒன்றிரண்டு கோடைகளில் கம்ப்ரசர் சுருளைத் தின்றுவிடும்.

கடைசியாக எடைத் தராசு. வெளிப்பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் கேஸ் வகையும் கிராம் கணக்கும் அச்சிட்டிருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்தக் கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். மேனுவலில் சொன்ன நீளத்துக்கு மேல் குழாய் போயிருந்தால் மட்டும், மீட்டருக்குச் சுமார் 20 கிராம் கூட்ட வேண்டும். சரியான எண் மேனுவலில் இருக்கும். உங்கள் விஷயத்தில், போன வருஷம் எவ்வளவு ஏற்றினார்கள் என்று தெரியாததால், டாப்-அப்புக்கே இடமில்லை. முழுக்க எடுத்து, எடை போட்டு, புதிதாக ஏற்றுவதுதான் வழி. எடுத்த கேஸையும் எடைபோடச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் 900 கிராம் இருந்து, உள்ளிருந்து 1,100 கிராம் வந்தால் மர்மம் அங்கேயே முடிந்தது. 500 வந்தால் கசிவு உறுதி. தராசு கொண்டுவராத மெக்கானிக்கிடம் ஆர் 32 வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

இன்வெர்ட்டர் அல்லாத பழைய ஏசி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அறையில் காற்று வருகிறது, வெளியே ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு டக்கென்று நிற்கிறது என்றால் பெரும்பாலும் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்தான் கோளாறு. ஒன்றரை டன்னுக்கு 40, 50 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். எழுதியிருக்கும் எண்ணையே பார்த்து மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்ப் பொருள். பவரை அணைத்தபின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் நீங்களே கைவைக்க வேண்டாம். இன்வெர்ட்டரில் அந்த இடத்தைப் போர்டு பிடித்துக்கொள்கிறது. பல்லியும் எறும்பும் வெப்பம் தேடி வெளிப்பெட்டிப் போர்டில் புகுந்து குறுக்குமின் உண்டாக்குவது நம் ஊரில் சாதாரணம். எலி இணைப்பு ஒயரைக் கடிப்பதும் உண்டு. உள்பெட்டித் திரையில் எழுத்தும் எண்ணும் மினுக்கினால் அதைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு பிறகு ரீசெட் செய்யுங்கள். அந்தக் குறியீடு அழிந்துவிட்டால் மெக்கானிக் முதலிலிருந்து தேட வேண்டும். கரண்ட் போய் வந்தபின் மூன்று நிமிஷம் கம்ப்ரசர் எடுக்காது, அது கோளாறில்லை.

கூரை. எல்லாம் சரியாக இருந்து, இரவு பத்து மணிக்கும் சீலிங்கைத் தொட்டால் சுட்டால், அந்தத் தளம் முழுக்க உங்கள் அறைக்குள் ஓடும் ஒரு ஹீட்டர். 120 சதுர அடி அறைக்கு ஒன்றரை டன் தாராளம்; ஆனால் மேலே வெறும் தளமும் மேற்கே வெறும் சுவரும் இருந்தால் தாராளம் என்கிற பேச்சுக்கு இடமில்லை. பங்குனியிலேயே மொட்டை மாடியைக் கூட்டி, சுண்ணாம்பை இரண்டு மூன்று கோட் வெள்ளையாக அடித்துவிடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே போடும் திரையைவிட வெளியே கட்டும் மூங்கில் தட்டி நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு உள்ளே வந்தாயிற்று. ஏசியை இரவு ஒன்பதுக்குப் போடாமல் மாலை ஆறு மணிக்கு 26-இல் போட்டுவைத்தால், சுவரும் கட்டிலும் சேர்ந்து குளிரும்.

நாளை காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தெர்மாமீட்டர் அளவு, வோல்டேஜ் இரண்டையும் எடுங்கள். வெளிப்பெட்டி ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது தராசு, நைட்ரஜன், வேக்குவம் பம்ப் மூன்றும் கொண்டுவர முடியுமா என்று முதலில் கேளுங்கள். வேலை முடிந்ததும் எத்தனை கிராம் எடுத்தார், எத்தனை கிராம் ஏற்றினார், கசிவு எந்த நட்டில் இருந்தது என்று பில்லில் எழுதி வாங்கி, அன்றைக்கே வெப்பநிலை வித்தியாசத்தை ஒரு முறை அளந்து அதே பில்லின் பின்னால் குறித்து வையுங்கள்.